கருப்புப் பந்து அசைந்தது

மேஜைக்கு மேலே தொங்கிய நீள விளக்கு, கருப்புப் பந்தின் உச்சியில் ஒரு வெள்ளைப் பொட்டாக விழுந்திருந்தது. அரிசி மணி அளவுதான். அந்தப் பொட்டு ஒரு முறை நடுங்கி நின்றது.

என் மகள் சுகந்தி அப்போது மேஜையின் மேல் நன்றாகக் குனிந்திருந்தாள். இடது கை பச்சைத் துணியில் ஊன்றியிருந்தது. வலது கையில் க்யூ, பந்தை அடிக்கும் கோல். அவள் போட்டிருந்த கையில்லாத கருப்புக் கோட்டின் முன்பக்கம் தொய்ந்து இறங்கிக் கருப்புப் பந்தின் மேல் பட்டது. பட்டது அவளுக்குத் தெரியவில்லை. கண் முழுக்கத் தூரத்துச் சிவப்புப் பந்தில் இருந்தது.

அடித்தாள். சிவப்பு மூலைப் பைக்குள் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நானும் தட்டினேன்.

இதை எழுதலாமா என்று போன வாரம் அவளிடமே போனில் கேட்டேன். "பேர மாத்திடு. ஸ்கோர மாத்தாத" என்றாள். பேர்களை மாற்றிவிட்டேன்.

மாமா கடை

தானே புயல் அடிப்பதற்கு முந்தின வருஷம் என்று நினைக்கிறேன். கடலூரில் எங்கள் தெருவில் அப்போது மரங்கள் இருந்தன.

என் தம்பி குமரவேல் சிதம்பரத்தில் ஒரு மாடியில் இரண்டு ஸ்நூக்கர் மேஜை போட்டுக் கடை நடத்தி வந்தான். அண்ணாமலை நகர் லாட்ஜுகளில் தங்கிப் படிக்கும் பையன்கள்தான் அவனுக்கு வாடிக்கை. சுகந்தி அவன் வீட்டில் தங்கி பி.எஸ்சி. கணிதம் படித்தாள். மாமா வீட்டில் இருக்கிறாள், பத்திரம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். மாமாவின் கடையில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

மூன்று வருஷத்தில் அவள் கணிதமும் படித்தாள், அந்தக் கடையில் யாராலும் ஜெயிக்க முடியாத ஆளாகவும் ஆனாள். இரண்டாவது விஷயம் எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அவள் அப்பாவுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

"ஆடட்டும் வுடு" என்றார் அவர். அவருடைய குடும்பம் தேவனாம்பட்டினத்துக் கடல் குடும்பம். துறைமுகத்தில் படகு இன்ஜின் உதிரிபாகம் விற்கிறார். "எங்கப்பன் தண்ணி மேல போய்ட்டு வந்தான். இவ துணி மேல ஆடறா. இதுக்குப் போய் பயந்துகிட்டு."

எனக்குப் பயம்தான். நான் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளைகளுக்கு எது நிலைக்கும், எது நிலைக்காது என்று எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வருஷம் புவனகிரிப் பக்கத்தில் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர், ஸ்நூக்கர் பைத்தியம், தன் சொந்தச் செலவில் ஒரு அழைப்புப் போட்டி நடத்தினார். வெளியூர்களிலிருந்து இதையே தொழிலாக ஆடும் எட்டுப் பேரை அழைத்தார். அதில் ஒருவரால் கடைசி நேரத்தில் வர முடியவில்லை. குமரவேல் போய் சுகந்தியின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தான். ஏழு ஆண்கள், எங்கள் பெண் ஒருத்தி.

வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். முதல் சுற்றில் தோற்றால் பி.எட். சேர வேண்டும், அதன்பிறகு க்யூவைத் தொடக்கூடாது. ஜெயித்தால் ஒரு வருஷம் அவள் இஷ்டத்துக்கு ஆடலாம். படிப்பு, கல்யாணம் என்று நான் வாய் திறக்கக்கூடாது.

தோற்பாள் என்று உறுதியாக இருந்தேன். இல்லாவிட்டால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

கோட்டு

அழைப்புக் கடிதத்தில் உடை பற்றி ஒரு வரி இருந்தது. வெள்ளை முழுக்கைச் சட்டை, கருப்பு பேன்ட், கையில்லாத கருப்புக் கோட்டு. மஞ்சக்குப்பத்தில் துணி எடுத்து நானே தைத்தேன். டெய்லரிடம் கொடுத்தால் இடுப்புக்கு டாட் பிடித்து உடம்போடு ஒட்டினாற்போலத் தைத்துவிடுவான். நான் டாட் பிடிக்கவில்லை. பக்கத்துக்கு நாலு விரல் கூட விட்டேன். முன்பக்கத்தை ஒரு சாண் இறக்கினேன்.

போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன் நின்றாள்.

"யம்மா, இது கோட்டா, கூடாரமா?"

"குனிஞ்சு ஆடற ஆட்டம். அத்தன ஆம்பளைங்க உக்காந்து பாப்பாங்க."

"அவுங்க பந்தப் பாப்பாங்கம்மா."

"எல்லாரும் பந்த மட்டும் பாப்பாங்கன்னு உனக்கு யார் சொன்னா?"

கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். ஒப்பந்தத்தில் நான் ஒப்புக்கொண்டது பெரிது, கோட்டில் அவள் விட்டுக்கொடுக்கலாம் என்று நினைத்திருப்பாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பத்தாவது படிக்கும்போது நான் வளையப்பந்து ஆடுவேன். ஸ்ரீமுஷ்ணத்தில் பள்ளிகளுக்கு இடையே ஒரு போட்டி. ரப்பர் வளையத்தைப் பிடிக்க எம்பியபோது தாவணியில் குத்தியிருந்த ஊக்கு விட்டுப்போய்விட்டது. ஒரு கையால் தாவணியைப் பிடித்துக்கொண்டேன். வளையம் கீழே விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் மைதானத்தில் ஒருவர் முகமும் என் பக்கம் இல்லை. எங்கள் சார், எதிர்ப்பள்ளி டீச்சர், நடுவர் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் புள்ளியை நடுவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

"நல்ல மனுசங்க. யாரும் பாக்கல" என்றார் அப்பா, திரும்பி வரும் பஸ்ஸில்.

அதற்குப் பிறகு நான் ஆடவில்லை. ஆடாதே என்று யாரும் சொல்லவும் இல்லை.

மணமகள் அறை

போட்டி நடந்தது சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். கல் பலகை போட்ட பெரிய மேஜையை லாரியில் கொண்டுவந்து, மட்டம் பார்த்து நிறுத்தவே இரண்டு நாள் ஆயிற்றாம். மேடையில் முந்தின முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகளைப் பாதிதான் பிய்த்திருந்தார்கள். ஏழு ஆண்களுக்கும் உடை மாற்ற மணமகன் அறை. சுகந்திக்குத் தனியாக மணமகள் அறை.

"மணமகள் ரூம்ல உக்கார வச்சாச்சு. உன் ஆச நெறவேறிடுச்சுக்கா" என்றான் குமரவேல்.

"வாய மூடுறா."

"மாப்ள ஏழு பேரு அந்த ரூம்ல இருக்காங்க. எது வேணும்னு பாத்துச் சொல்லு."

சுகந்தி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அவளோடு ஆடியவர் பாஸ்கர். வேலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், அதிராமல் பேசுவார். நடுவர் தியாகராஜன் புவனகிரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பூஜைச் சாமானைத் தொடுவது போலப் பந்துகளைத் தொடுவார். மேஜை மேல் காற்று படக்கூடாது என்று மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். நூறு பேர் கல்யாண நாற்காலிகளில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பார்த்தார்கள்.

ஐந்து ஃபிரேம், அதாவது ஐந்து ஆட்டம். மூன்று எடுப்பவர் ஜெயித்தவர். மதியம் மூன்று மணிக்கு இரண்டுக்கு இரண்டு என்று நின்றது.

கடைசி ஃபிரேமில் இரண்டு சிவப்பு மிச்சம். சுகந்தி பதினொரு புள்ளி பின்னால் இருந்தாள். அப்போதுதான் நான் முதலில் சொன்னது நடந்தது.

ஸ்நூக்கரில் க்யூவின் நுனியைத் தவிர வேறு எதுவும் பந்தில் படக்கூடாது. கை, முடி, துணி எது பட்டாலும் ஃபவுல். பட்டது கருப்பு என்றால் எதிராளிக்கு ஏழு புள்ளி. அடுத்து ஆடும் முறையும் அவருக்குப் போகும். அவளுடைய பரீட்சைப் புத்தகங்களுக்கு நடுவில் இருந்த விதிப் புத்தகத்தைப் படித்து இதெல்லாம் தெரிந்து வைத்திருந்தேன். எதைக் கண்டு பயப்படுகிறோமோ அதைப் படித்து வைத்துக்கொள்வது என் பழக்கம்.

தியாகராஜன் சார் ஒன்றும் சொல்லவில்லை. பாஸ்கர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். ஆட்டம் தொடர்ந்தது.

பரீட்சை ஹாலில் ஒரு பிள்ளையின் கையில் பிட்டைப் பார்த்தால் எழுந்துபோய் வாங்கிவிடுவேன். யோசித்ததே கிடையாது. அன்றைக்கு எழுந்திருக்க முடியவில்லை. எழுந்து சொன்னால் அவள் தோற்பாள். அவள் தோற்க வேண்டும் என்றுதானே நான் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தேன். நியாயத்துக்காகச் சொல்கிறேனா, பி.எட்.டுக்காகச் சொல்கிறேனா? எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பேசாமல் இருந்தாலும் அதே கதிதான். அவளுக்காக மறைக்கிறேனா, பட்டது நான் தைத்த துணி என்பதால் மறைக்கிறேனா?

நான் இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் கடைசிக் கருப்பையும் போட்டு, ஐந்து புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டாள். குமரவேல் நாற்காலியின் மேல் ஏறி நின்று விசிலடித்தான். அவள் என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். ஒரு வருஷம்.

சாப்பாட்டுக் கூடம்

மணமகள் அறையில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. கோட்டின் முன்பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"எப்ப?"

"ரெண்டு செகப்பு இருக்கும்போது. நீ எட்டி அடிச்சியே."

"கருப்பு ஆடுச்சா?"

"ஆடி நின்னுச்சு."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்பவே சொல்லியிருந்தா ஃபவுல். சொல்லாமயே இருந்திருந்தா நான் ஜெயிச்சவ. இப்பச் சொல்றியே, இத வச்சிகிட்டு நான் என்னாம்மா பண்றது?"

அவள் எழுந்து நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

நடுவரும் பாஸ்கரும் வாழை இலைத் துண்டில் போண்டா வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குமரவேல் எதிரில் உட்கார்ந்து பாஸ்கருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். சுகந்தி நின்றபடியே நடந்ததைச் சொன்னாள்.

தியாகராஜன் சார் கையைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த அடி அடிச்சிட்டா முன்னாடி நடந்த ஃபவுல் செல்லாது பாப்பா. ரூல் அப்படித்தான். நீதான் வின்னர்."

"ரூல் தெரியும் சார். நீங்க ஏன் பாக்கல? பக்கத்துலதான நின்னீங்க."

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். அவள் மறுபடியும் கேட்டாள்.

"உன் வயசுல எனக்கு ஒரு பொண்ணு இருக்குது" என்றார் மெதுவாக. "நீ குனியும்போதெல்லாம் நான் ஸ்கோர் போர்டு பக்கம் திரும்பிக்குவேன்."

"மேட்ச் பூராவுமா?"

"எதிர்ல நிக்கிற மாதிரி இருந்தா."

"நான் பாத்தேன்" என்றார் பாஸ்கர்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் இலையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "துணி பட்டது தெரிஞ்சுது. சுத்தி அவ்ளோ ஜனம். ஒரு பொம்பளப் புள்ளகிட்ட, உன் துணி பட்டுச்சுன்னு எப்படிம்மா வாய்விட்டுச் சொல்றது? எல்லாரும் அங்கதான் பாப்பாங்க."

"உங்களுக்கு மேட்ச் போச்சே சார்."

"போவட்டும்னு வுட்டுட்டேன்."

சுகந்தி அவரைப் பார்த்தாள். நடுவரைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்ப நான் யாரோட சார் ஆடினேன்?"

குமரவேல்தான், "நல்ல மனுசங்க பாப்பா, தப்பா எடுத்துக்காத" என்று ஏதோ ஆரம்பித்தான்.

"நல்ல மனுசங்கதான் மாமா. அதுதான் கஷ்டமா இருக்குது."

பிறகு அவள் பாஸ்கரிடம் கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஃபிரேமை அந்த இடத்திலிருந்தே திரும்ப ஆட வேண்டும். அவருக்கு ஏழு புள்ளி, அவர் முறை. நாளைக்குக் காலையில், மாமா கடை மேஜையில்.

"முடிஞ்சது முடிஞ்சுதும்மா."

"எனக்கு முடியல சார். நீங்க விட்டுக்குடுத்து ஆடினா எனக்குத் தெரிஞ்சிடும்."

அவர் அவளை அப்போதுதான் நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

காலை ஏழரை மணி

கடைக்கு ஐந்து பேர்தான் வந்திருந்தோம். பந்துகளை எங்கே வைப்பது என்று இரண்டு பேரும் நினைவிலிருந்தே சொன்னார்கள். நீலம் மட்டும் அரை அங்குலம் தகராறு. "பாக்கெட் பக்கம் சார்." "இல்லம்மா, இன்னும் இந்தாண்ட." குமரவேல் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். தியாகராஜன் சார் கையுறையோடு வந்து, அவர்கள் சொன்ன இடத்தில் ஒவ்வொன்றாக வைத்தார்.

கோட்டை அவள் எடுத்து வரவில்லை. வெறும் சட்டையை உள்ளே விட்டிருந்தாள். நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பதினெட்டுப் புள்ளி முன்னால் நின்று பாஸ்கர் ஆரம்பித்தார். முதல் சிவப்பு. கருப்பு. சிவப்புக்கு அடுத்துப் போடும் நிறப் பந்து மேஜைக்குத் திரும்ப வர வேண்டும்; தியாகராஜன் சார் கருப்பை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

சுகந்தி நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் தவறவிட்டால்தான் அவள் எழுந்திருக்க முடியும்.

இரண்டாவது சிவப்பு கஷ்டமான இடத்தில் இருந்தது. அவர் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். அப்போது எனக்குள் ஒரு குரல், தவறட்டும், தவறட்டும் என்றது. என் குரல்தான். முந்தின நாள் மதியம் வரை எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல் இருந்தவள், இப்போது புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு முன்பின் தெரியாத மனிதர் தவறவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் தவறவிடவில்லை. அந்தச் சிவப்பும் விழுந்தது. மறுபடி கருப்பு. கணக்குப்படி ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. மேஜையில் மிச்சமிருந்ததை எல்லாம் போட்டாலும் அவளால் எட்ட முடியாது. அவர் நிறுத்தவில்லை. மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், ரோஸ், கருப்பு என்று வரிசையாக எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவளுக்கு ஒரு அடி கூடக் கிடைக்கவில்லை. அவர் முகத்தில் இரக்கம் எதுவும் இல்லை.

சுகந்தி எழுந்துபோய்க் கை கொடுத்தாள். "தேங்க்ஸ் சார். இப்பதான் தோத்தேன்."

"ரெண்டாவது செகப்பு வுட்டிருப்பேன்னு நெனச்சியா?"

"நெனச்சேன்."

"நானும் நெனச்சேன்" என்றார். அவள் சிரித்தாள். நேற்றிலிருந்து முதல் சிரிப்பு.

அரையிறுதி இடத்தை அவருக்கே விட்டுக்கொடுப்பதாக அரிசி ஆலைக்காரரிடம் போய்ச் சொன்னாள். "பேனர்ல உன் பேரு அடிச்சாச்சே பாப்பா" என்று அவர் அங்கலாய்த்தார். "பேரு இருக்கட்டும் சார்" என்றாள்.

கடலூர் பஸ்

மதிய வெயிலில் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரம் அவள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"நான் எதுக்குச் சொன்னேன்னு எனக்கே தெரியல பாப்பா. ஞாயத்துக்காகவா, நீ தோத்துப் போவணும்னுதானா. அது மனச அறுக்குது."

"எனக்கும் தெரியலன்னுதாம்மா திருப்பி ஆடினேன்" என்றாள். "இப்ப நீ எதுக்குச் சொல்லியிருந்தாலும் ஒண்ணுதான். தோத்தது தோத்ததுதான்."

கண்டக்டர் வந்தார். டிக்கெட்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

"ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்" என்றாள். "பி.எட். அப்ளிகேஷனுக்கு என்னைக்கும்மா கடைசி நாள்?"

அழுதுகொண்டு கேட்டிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னிடம் வந்து செய்த தப்பைச் சொல்லிவிட்டு நிற்கும் பிள்ளையைப் போல, எதற்கும் தயாரான முகம்.

கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தேதி எனக்கு மனப்பாடம்.

"நேத்தோட முடிஞ்சு போச்சு பாப்பா" என்றேன். "இனிமே அடுத்த வருசம்தான்."

அவள் திரும்பி என் முகத்தையே பார்த்தாள். நான் பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு அவள் க்யூ இருந்த நீளப் பையைக் கால்களுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தத் தேதியை அவள் வேறு யாரிடமாவது விசாரித்தாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.